படகுக்கு உகந்த எரிபொருள் எது?

பெட்ரோல் நிலையத்தில் இன்று நாம் வாங்குவது முழுப் பெட்ரோல் அன்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு வரை எத்தனால், அதாவது எரிசாராயம், கலந்திருக்கிறது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றை நொதிக்கவைத்துக் காய்ச்சி வடித்து இதை எடுக்கிறார்கள். இந்தக் கலவை ஸ்கூட்டருக்கும் காருக்கும் ஏற்றதுதானா என்று நாடெங்கும் பேசுகிறார்கள். நீரில் ஓடும் எஞ்சின்களைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. ஆனால் எத்தனாலுக்கும் நீருக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்த்தால், இக்கேள்வியை முதலில் கேட்கவேண்டிய இடம் படகுத் துறைதான் என்பது விளங்கும்.

உல்லாசப் படகு சில பேருடைய பொழுதுபோக்குத்தானே, அதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர்கள் நினைக்கலாம். முட்டுக்காட்டிலும் பைக்காராவிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் விசைப்படகின் பின்புறம் தொங்கும் அதே வகை எஞ்சின்தான் தீயணைப்பு, மீட்புப் பணியினரின் ரப்பர் படகிலும் பூட்டப்படுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பேய்மழையை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையூர்கள் தீவுகளாயின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டனர். அத்தகைய நாளில், பல மாதம் கொட்டகையில் சும்மா கிடந்த ஒரு படகு எஞ்சின் கயிற்றை இழுத்தவுடன் உயிர் பெறவேண்டும். அது உயிர் பெறுமா பெறாதா என்பதில் தொட்டியில் இருக்கும் எரிபொருளுக்கும் பெரும் பங்கு உண்டு.

எத்தனால் வந்த வழி

பெட்ரோலில் சாராயம் கலப்பது புதிய யோசனை அன்று. விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், 'பவர் ஆல்கஹால்' பற்றி நம் நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆயினும் கலப்புத் திட்டம் முறையாகத் தொடங்கியது 2003இல்தான். அப்போது ஒன்பது மாநிலங்களிலும் நான்கு யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதம் கலக்க முற்பட்டார்கள். 2022 ஜூனில் நாடு 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதம் கலந்த 'இ-20' பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாயிற்று. முதலில் 2030க்கென்று வைத்திருந்த 20 சதவீத இலக்கு 2025இலேயே எட்டப்பட்டுவிட்டது.

இதனால் விளையும் நன்மைகளை மறுப்பதற்கில்லை. கச்சா எண்ணெய் வாங்க அயல்நாட்டுக்குச் செல்லும் பணம் ஓரளவு மிச்சமாகிறது. விவசாயியின் விளைச்சலுக்கு இன்னொரு சந்தை கிடைக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108 அளவில் இருப்பதால் எஞ்சினில் 'தட்டல்' குறைகிறது. முன்பு இதே வேலைக்காகப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலந்து வந்தார்கள். அந்த நஞ்சு 2000ஆம் ஆண்டுடன் நம் நாட்டில் ஒழிந்தது. அதன் இடத்தை நிரப்பக்கூடியவற்றில் எத்தனாலும் ஒன்று. ஆகவே எத்தனால் நல்லதா கெட்டதா என்பது இங்கே நம் கேள்வி அன்று. நீரின்மேல் மிதக்கும் எஞ்சினுக்கு அது பொருந்துமா, பொருந்தாவிடில் வேறு என்ன வழி என்பதுதான் கேள்வி.

இரு வீட்டு உறவினன்

எத்தனால் மூலக்கூறை ஒரு சிறு தலைப்பிரட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வால் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொடர். இது பெட்ரோலின் மூலக்கூறுகளைப் போன்றது. அதன் தலை ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி. இது நீரைப் போன்றது. வாலினால் அது பெட்ரோல் வீட்டுக்கு உறவு. தலையினால் நீர் வீட்டுக்கு உறவு. இரண்டிலும் கரையும். ஆனால் இரு வீட்டாரும் ஒரே இடத்தில் கூடிவிட்டால் அது நீரின் பக்கமே சாய்ந்துவிடும். நீர் மூலக்கூறுகளுடன் அது கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பு அவ்வளவு வலுவானது.

சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியாக நிற்கும் ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். அது பிரியாத ஒற்றுமை. பெட்ரோலும் எத்தனாலும் ஒன்றாய் நிற்பதோ, மூன்றாவதாக நீர் வந்து சேரும் வரையில்தான்.

இதைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எளிதாகக் காட்டலாம். மூடியுள்ள 100 மில்லி லிட்டர் அளவுக் குழலில் 80 மி.லி. இ-20 பெட்ரோலை எடுத்து, அதன்மேல் 20 மி.லி. நீரை ஊற்றிக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்தால், அடியில் நிற்கும் நீரடுக்கு 20இலிருந்து ஏறத்தாழ 36 மி.லி.க்கு உயர்ந்திருக்கும். உயர்ந்த 16 மி.லி.யும் பெட்ரோலிலிருந்து பிரிந்து வந்த எத்தனால். 80இல் 16 என்றால் 20 சதவீதம். (மாணவர்கள் இதை ஆசிரியர் உடனிருக்க, நெருப்போ மின்பொறியோ இல்லாத இடத்தில் மட்டுமே செய்யவேண்டும். வீட்டில் செய்து பார்க்கவே கூடாது.)

அரை டம்ளர் நீர்

கலப்பில்லாத பெட்ரோலில் நீர் கரைவது அரிது. 25 லிட்டர் பெட்ரோல் ஒரு சிறு தேக்கரண்டி நீரைக்கூட முழுமையாகக் கரைத்துக்கொள்ளாது. மிஞ்சிய நீர் முத்து முத்தாகத் தொட்டியின் அடியில் தங்கும். அதை வடிகட்டி எளிதில் அகற்றிவிடலாம். பழைய படகோட்டிகளுக்கு இது பழகிய வேலை.

10 சதவீதக் கலவையின் கதை வேறு. அது சுமார் 15 டிகிரி செல்சியசில் தன் பருமனில் அரை சதவீதம் வரை நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 25 லிட்டர் தொட்டியில் இது 125 மி.லி., அதாவது அரை டம்ளருக்குச் சற்று மேல். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. அந்த எல்லையைத் தாண்டியதும் கலவை கலங்கி இரண்டாகப் பிரிந்துவிடும். மேலே எத்தனாலை இழந்த பெட்ரோல். கீழே எத்தனாலும் நீரும் சேர்ந்த அடுக்கு. இ-20 இன்னும் சற்றுக் கூடுதல் நீரைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் தொட்டியில் இருக்கும் எத்தனாலே 5 லிட்டர் ஆதலால், நீர் மேலும் கூடிப் பிரிந்துவிட்டால் அடியில் நிற்பது சில சொட்டுகளாக இராது. லிட்டர் கணக்கில் இருக்கும். குளிர்ந்தால் கரைதிறனும் குறையும். பகலில் தெளிவாக இருந்த கலவை, உதகையின் மார்கழி இரவில் பிரிந்துவிட இடமுண்டு.

எஞ்சினுக்கு எரிபொருளை உறிஞ்சும் குழாய் தொட்டியின் அடிப்பகுதியில்தான் இருக்கும் என்பதை இங்கே நினைவிற்கொள்ளவேண்டும். ஆகவே முதலில் எஞ்சினுக்குள் போவது அந்தக் கீழடுக்கே. அது சரியாக எரியாது. அலுமினியத்தை அரிக்கும், கடல்நீரின் உப்பும் சேர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். பழைய இரண்டு-வீச்சு எஞ்சின்களில் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் மசகெண்ணெய்தான் பிஸ்டனுக்குக் காப்பு. அந்த எண்ணெய் மேலடுக்கில் நின்றுவிடும். கீழடுக்கை உறிஞ்சும் எஞ்சினோ மசகில்லாமல் தேயும்.

காற்றின் ஈரம் குற்றவாளியா?

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கெட்டுவிடும் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இது எவ்வளவு உண்மை என்பதை ஒரு சிறு கணக்கினால் சோதிப்போம்.

25 லிட்டர் தொட்டி பாதி நிறைந்திருக்கிறது, மீதி 12.5 லிட்டர் காற்று. பகலில் தொட்டி சூடேறும்போது காற்று விரிந்து மூச்சுத்துளை வழியே சிறிது வெளியேறுகிறது. இரவில் குளிரும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வேறுபாடு என்றால், 300 கெல்வின் வெப்பநிலையில் இது முப்பதில் ஒரு பங்கு. எனவே நாளொன்றுக்கு உள்ளே வரும் காற்று அரை லிட்டரும் இல்லை. கடற்கரையின் ஈரக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, சுமார் 25 கிராம் நீராவி இருக்கும். அப்படியானால் அரை லிட்டர் காற்று கொண்டுவரும் நீர் ஒரு கிராமில் எண்பதில் ஒரு பங்குதான்! 12.5 லிட்டர் காற்றும் தினந்தோறும் முழுமையாக மாறுவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு 0.3 கிராம். அதில் ஒரு துளியும் வீணாகாமல் கரைந்தாலும், பாதித் தொட்டிக் கலவையைப் பிரிக்கத் தேவையான 60 கிராம் சேர 200 நாள் ஆகும்.

ஆகவே மூடிவைத்த தொட்டியில் காற்றின் ஈரம் மட்டும் சில நாளில் கேடு செய்துவிடாது. உண்மையான குற்றவாளி நீராக உள்ளே வரும் நீரே: சரியாக மூடாத மூடி, மழை, அலைத் தெறிப்பு, படகைக் கழுவும்போது மூச்சுத்துளையில் புகும் நீர், கேனில் ஏற்கெனவே தங்கியிருந்த நீர். காருக்கு இந்த ஆபத்துகள் அரிது, படகுக்கு அன்றாடம். அரை டம்ளர் நீர் புக ஒரு அலை போதும். இதனால்தான் கார்களுக்கு 15 சதவீதக் கலவையை அனுமதித்த அமெரிக்காவிலும், அந்தப் பெட்ரோல் குழாயிலேயே 'படகுகளுக்கு ஆகாது' என்ற எச்சரிக்கையை 2011இல் கட்டாயமாக்கினார்கள்.

காருக்குத் தெரியும், படகுக்குத் தெரியாது

நீர் புகாவிட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் தன் எடையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கிறது. அதற்கு 9 கிலோ காற்றே போதும். இ-20 கலவைக்குக் கணக்கிட்டால் 13.5 கிலோ வருகிறது. புதிய கார்களில் புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் உணர்வி இந்த வேறுபாட்டைக் கண்டு எரிபொருளைச் சற்றுக் கூட்டிவிடும். பழைய படகு எஞ்சினின் கார்ப்புரேட்டருக்கோ கண் இல்லை. ஒரே அளவுத் துளை வழியே ஒரே அளவு எரிபொருளைத்தான் விடும். காற்று ஏறத்தாழ 8 சதவீதம் மிகுந்துவிடும். காற்று மிகுந்த கலவை பிஸ்டனைக் கூடுதலாகச் சூடாக்கும். காரைப்போல் இறக்கத்தில் ஓய்வு எடுக்க நீரில் இறக்கம் கிடையாது. படகு எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் பாரம் சுமக்கிறது.

வெப்ப ஆற்றலும் குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகா ஜூல், எத்தனாலில் 21. இ-20இல் லிட்டருக்கு ஏறத்தாழ 7 சதவீதம் ஆற்றல் குறையும். சாலையில் இது பணக் கணக்கு. நீரிலோ அது தூரக் கணக்கு: கரை சேரப் போதுமா என்ற கணக்கு. பழைய ரப்பர்க் குழாய்களும், பழைய கண்ணாடியிழைத் தொட்டிகள் சிலவும் எத்தனாலில் இளகிக் கெடும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

அப்படியானால் அளவுக் குழல் சோதனையில் செய்ததுபோல் நீரூற்றி எத்தனாலைப் பிரித்துவிட்டு, மேலே உள்ள பெட்ரோலைப் பயன்படுத்தலாமே என்று சிலருக்குத் தோன்றும். இது தவறான வழி. எத்தனால் ஆக்டேனை உயர்த்தும் என்ற கணக்கில்தான் அடிப்படைப் பெட்ரோலைத் தயாரிக்கிறார்கள். எத்தனால் போனால் ஆக்டேன் எண்ணும் போய்விடும். லிட்டர் கணக்கில் பெட்ரோலைக் குலுக்குவதில் தீ ஆபத்து இருக்கிறது. மீந்த நச்சு நீரைக் கொட்ட நல்ல இடமும் கிடையாது. 'ஆக்டேன் எண் மிகுந்த விலையுயர்ந்த பெட்ரோல்' என்றால் எத்தனால் இல்லாதது என்றும் பொருளல்ல. இரண்டும் வெவ்வேறு செய்திகள்.

மாற்று வழிகள்

மண்ணெண்ணெய்: இது நம் தென்கடற்கரைக்குப் பழகிய வழி. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வெளிப்புற மோட்டார் பூட்டிய வள்ளங்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. இவற்றுக்கு மாநில அரசு மானிய விலையில் மண்ணெண்ணெய் வழங்கி வந்திருக்கிறது. யமஹா, சுசுகி போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே தனி எஞ்சின்கள் செய்கின்றன. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே முதலில் பெட்ரோலில் கிளப்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வருவார்கள். இது நீருடன் கலவாது. ஆனால் ஆக்டேன் எண் மிகக் குறைவு. ஆகவே அமுக்க விகிதத்தைக் குறைத்தே எஞ்சினை அமைக்கவேண்டும், திறனும் குறையும். புகையும் நாற்றமும் மிகுதி. இரண்டு-வீச்சு எஞ்சினில் உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே நீரில் கலக்கும். மீன்பிடிப்புக்கு இது வேறு வழியின்றி நிற்கிறது. ஏரியில் உல்லாசப் படகுக்கு ஏற்றது என்று சொல்ல முடியாது.

டீசல்: எத்தனால் கலக்காத, எளிதில் தீப்பற்றாத, எங்கும் கிடைக்கும் எரிபொருள் இது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுகள் டீசலில்தான் ஓடி வந்துள்ளன. எஞ்சின் கனமானது, ஆகவே பெரிய படகுக்குப் பொருந்தும், கையால் தூக்கும் ரப்பர் படகுக்குப் பொருந்தாது.

எரிவாயு: எல்.பி.ஜி. வாயுவில் ஓடும் சிறிய வெளிப்புற மோட்டார்கள் ஜப்பானில் செய்யப்படுகின்றன. வாரணாசியில் கங்கைப் படகுகள் நூற்றுக்கணக்கில் டீசலிலிருந்து சி.என்.ஜி.க்கு மாற்றப்பட்டு, அவற்றுக்காக மிதக்கும் வாயு நிலையமும் அமைக்கப்பட்டது. மூடிய உருளையில் இருப்பதால் நீர் புகாது. பல மாதம் வைத்திருந்தாலும் கெடாது. ஆனால் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சி.என்.ஜி. இலேசானது, மேலே போய்விடும். ஆனால் உயர் அமுக்கத்தைத் தாங்கும் அதன் உருளை கனமானது. வீட்டுச் சமையல் சிலிண்டரைப் படகில் பூட்டுவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

ஆல்கைலேட் பெட்ரோல்: சுத்திகரிப்பு ஆலையில் ஐசோபியூட்டேனையும் பியூட்டீனையும் அமில வினையூக்கியின் துணையால் இணைத்துச் செய்யும் எரிபொருள் இது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்காகப் பெருமளவில் செய்தார்கள். இதில் எத்தனால் இல்லை. நச்சான பென்சீனும் இல்லை என்றே சொல்லலாம். ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். சுவீடனில் 1980களின் இறுதியிலிருந்து மரம் அறுக்கும் எஞ்சின்களுக்கும் படகுகளுக்கும் இதைத் தனியே விற்கிறார்கள். நீண்டநாள் சும்மா கிடக்கும் எஞ்சினுக்கு இதைவிடச் சிறந்த திரவ எரிபொருளைக் காண்பது அரிது. விலை மிகுதி, நம் பெட்ரோல் நிலையங்களில் இது தனியே கிடைப்பதில்லை.

ஐசோபியூட்டனால்: இதுவும் எத்தனாலைப் போல் நொதிக்கவைத்துப் பெறக்கூடிய சாராயமே, ஆனால் நான்கு கார்பன் கொண்டது. தலை அதேதான், வால் நீண்டுவிட்டது. அதனால் அதன் உறவு பெட்ரோல் வீட்டோடுதான் நெருக்கம். நீர் புகுந்தாலும் பெரும்பாலும் பெட்ரோலோடே நின்றுவிடும். லிட்டருக்கு 26 மெகா ஜூலுக்கு மேல் ஆற்றல் தரும். 16 சதவீதம் கலந்தாலும், 10 சதவீத எத்தனாலில் உள்ள அளவு ஆக்சிஜன்தான் சேரும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடமும் படகு உற்பத்தியாளர் சங்கமும் பல ஆண்டுகள் இதைப் படகுகளில் ஓட்டிச் சோதித்தன. 2018இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 16 சதவீதம் வரை கலப்பதற்குப் பதிவு அளித்தது. நம் நாட்டில் இதை டீசலில் கலந்து பார்க்கும் ஆய்வு நடப்பதாக 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் தெரிவித்தார். கரும்பு விவசாயியையும் கைவிடாமல், படகையும் கெடுக்காத வழி இது. ஆனால் செலவைக் குறைத்துப் பெருமளவில் செய்யவேண்டும்.

மின்சாரம்: மேலே சொன்னவை எல்லாம் எரிபொருளை மாற்றும் வழிகள், இது எஞ்சினையே மாற்றும் வழி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. சிறு எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சுழலியில் சேர்க்கும். எனவே 2 கிலோவாட் மணி மின்சாரம் ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்துவிடும். அதற்கு வேண்டிய லித்தியம் மின்கலம் சுமார் 13 கிலோ. அரைமணி நேரம் சுற்றிவிட்டுத் துறைக்குத் திரும்பும் ஏரிப் படகுக்கு இது பாரமே அன்று. 30 லிட்டர் பெட்ரோல் எடுத்துக்கொண்டு கடலுக்குள் போகும் படகுக்கோ 400 கிலோ மின்கலம் வேண்டும்!

வேகத்தையும் கவனிக்கவேண்டும். நீரைக் கிழித்து மெதுவாகச் செல்லும் படகுக்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் உயரும். வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு திறனே போதும். நிதானமாகச் செல்லும் படகுக்கு மின்சாரம் பொருந்துவதன் இரகசியம் இதுதான். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' என்னும் சூரிய மின்படகு 75 பேரை ஏற்றிச் செல்லக்கூடியது; அதன் மின்கலம் 50 கிலோவாட் மணி அளவுதான். கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர் மெட்ரோவின் படகுகளும் மின்கலத்தில் ஓடுகின்றன. ஹைட்ரஜன் மின்கலத்தில் ஓடும் இந்தியாவின் முதல் படகை 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் பிரதமர் தொடங்கிவைத்தார். அதைக் கட்டியது கொச்சிக் கப்பல் தளம்.

துடுப்பும் மிதியும்: குற்றாலத்தில் சாரல் காலத்தில் வெண்ணமடைக் குளத்தில் ஓடும் மிதிபடகுக்கும் துடுப்புப் படகுக்கும் எரிபொருள் நம் காலை உணவுதான். சிறிய குளத்தில் எஞ்சின் வேண்டுமா என்பதையே முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

எதற்கு எது?

ஒரே விடை எல்லாப் படகுக்கும் பொருந்தாது என்பது இப்போது விளங்கியிருக்கும். உதகை, ஏற்காடு போன்ற ஏரிகளுக்கும் முட்டுக்காடு, பிச்சாவரம் போன்ற காயல்களுக்கும் மின்சாரமே சிறந்தது. தூரம் குறைவு, துறையிலேயே மின்னேற்றம் செய்யலாம், நீரும் காற்றும் கெடாது. பெரிய பயணிகள் படகுக்கு இப்போதைக்கு டீசல், பின்னர் மின்சாரம். கடலில் தூரம் செல்லும் சிறு படகுக்குப் பெட்ரோலைத் தவிர்ப்பது இன்னும் சில ஆண்டுகளுக்குக் கடினம். அதற்கு ஐசோபியூட்டனால் போன்ற கலவைகள் வரவேண்டும். அல்லது துறைமுகங்களிலாவது எத்தனால் கலவாத பெட்ரோல் கிடைக்க வழி செய்யவேண்டும். வெள்ளமீட்புப் படகுகளுக்கு ஆல்கைலேட் பெட்ரோலைச் சிறிதளவு வரவழைத்து இருப்பு வைத்தாலும் செலவு பெரிதாகாது. ஆண்டில் சில நாள் மட்டுமே ஓடும் எஞ்சின்கள் அவை. ஓடவேண்டிய நாளில் ஓடாமற் போனால் ஏற்படும் இழப்பை எந்த விலையாலும் ஈடுசெய்ய முடியாது.

அதுவரை கையிலுள்ள எஞ்சினை இ-20இல்தான் ஓட்டவேண்டும் என்றால், சில எளிய முறைகளைக் கடைப்பிடிக்கலாம். எரிபொருளைத் தேவைக்கு மட்டும் புதிதாக வாங்கவேண்டும். கேன் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்தே நிரப்பவேண்டும். தொட்டியின் மூடியிலும் மூச்சுத்துளையிலும் மழைநீர் புகாமல் காக்கவேண்டும். தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நீர் பிரிக்கும் வடிகட்டியைப் பொருத்தி அடிக்கடி திறந்து பார்க்கவேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றவேண்டும். சில வாரங்களுக்கு மேல் எஞ்சினை நிறுத்திவைப்பதானால், தொட்டியைக் காலிசெய்து அந்தப் பெட்ரோலை ஸ்கூட்டருக்கு ஊற்றிவிட்டு, கார்ப்புரேட்டரில் எஞ்சியது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தவேண்டும். எஞ்சினை ஓட்டும்போதெல்லாம் அதன் குளிர்விப்புக்கு நீர் கிடைக்கச் செய்யவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மீட்புப் படகு வைத்திருப்போர் இன்னொன்றும் செய்யலாம். ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் எல்லா எஞ்சின்களையும் குளத்தில் இறக்கி, புதிய எரிபொருள் ஊற்றி, கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடவேண்டும். பிறகு மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒருமுறை அதையே செய்யவேண்டும். இதற்கு ஆகும் செலவு சில லிட்டர் பெட்ரோல்தான்.